நைட் டியூட்டியை விட வேண்டாம், அந்தத் தாளில் கையெழுத்தும் வேண்டாம்

கேள்வி: வயது 29. சொந்த ஊர் குமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஆறு வருடமாக மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சயான் கோலிவாடாவில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருக்கிறோம். இரண்டு வருடமாக ராப் எழுதுகிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார், கல்விக் கடனில் இன்னும் ஒன்றேகால் லட்சம் பாக்கி. ஒருநாள் தைரியமாக கார்ட்டர் ரோட்டில் பையன்கள் வட்டமாக நின்று ராப் பண்ணும் இடத்துக்குப் போனேன். ‘தீதி, யாருக்காகவாவது நிக்கிறீங்களா?’ என்று கேட்டார்கள், திரும்பி வந்துவிட்டேன். அந்தேரியில் ஒரு தயாரிப்பாளர் ஒரு பாட்டு, வீடியோ, விளம்பரம் எல்லாம் சேர்த்து 75,000 ரூபாய் பேக்கேஜ் என்கிறார். யூனிஃபார்மோடு ‘நர்ஸ் ராப்பர்’ என்று வந்தால் வைரல் ஆகுமாம். ஹிந்தியில்தான் எழுத வேண்டுமாம், நடுவில் கொஞ்சம் தமிழ் மசாலா போட்டால் போதுமாம். மூன்று பக்கத் தாள் ஒன்றும் கொடுத்திருக்கிறார். ராப் பண்ணுகிறவர்கள் எல்லாம் தெருவில் அடிபட்டு வந்தவர்கள், நான் அப்படி இல்லை, இசைக் குடும்பமும் இல்லை. வேலையை விடலாமா, கையெழுத்துப் போடலாமா, எந்த மொழியில் எழுதலாம், இந்த வயதில் இது தேவையா? மூன்று ஆடியோவும் தாளின் போட்டோவும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டுக் களைத்திருப்பீர்கள், அதனால் தங்கை என்றே எழுதுகிறேன். உங்கள் மூன்று ஆடியோவையும் நாலைந்து தடவை கேட்டேன், ராத்திரி ஸ்டூடியோ காலியான பிறகு, ஹெட்ஃபோனில். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் சவுண்ட் இன்ஜினீயராக இருக்கிறேன், வாரத்துக்கு இரண்டு பேராவது ‘கேட்டுப் பாருங்கண்ணா’ என்று ஏதாவது அனுப்புவார்கள், எல்லாவற்றையும் முதல் இருபது வினாடி தாண்டிக் கேட்கிறேன் என்று சொன்னால் பொய். உங்கள் மூன்றாவது ஆடியோவை முழுக்கக் கேட்டேன், திரும்ப முதலிலிருந்து போட்டேன்.

ஒரு விஷயம் உங்களுக்கே தெரிந்திருக்காது. அந்த ஆடியோவில் பீட் இல்லை, வெறும் குரல். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அடியில் தாளம் காட்டும் ஒரு கிளிக் சத்தம் வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 88 அடியில் தொடங்கி, கிட்டத்தட்ட ஒரு நிமிடம் வரை அப்படியே நிற்கிறது. பீட் இல்லாமல் ஒரு நிமிடம் தாளம் நகராமல் பேசுவது சுலபமான காரியம் இல்லை, பத்து வருடமாக மேடையில் இருப்பவர்களே கிளிக் இல்லாவிட்டால் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். ஆறு வருடம் ராத்திரி முழுக்க மானிட்டர் சத்தத்தை, பார்க்காமலேயே, கூடுகிறதா குறைகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிற காது உங்களுடையது. இசைக் குடும்பம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பயிற்சியை எந்த வாத்தியாரும் உங்களுக்குக் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அம்மாவைப் பற்றி வரும் கடைசி நாலு வரியில் 94 வரை ஏறிவிடுகிறீர்கள். மனசு பொங்கினால் வேகம் கூடும், இயல்புதான், ஆனால் அந்த இடத்தில்தான் கேட்கிறவனுக்கு ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும், அங்கே நிதானம் வேண்டும்.

இப்போது அந்த ‘நான் தகுந்த இடத்திலிருந்து வரவில்லை’ என்ற கவலை. இதை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று தெரியும், 2019-ல் ‘கல்லி பாய்’ வந்த பிறகு மும்பை ராப் என்றாலே தகரக் கூரை, தாராவிச் சந்து என்று ஒரு படம் எல்லோர் மனசிலும் ஒட்டிக்கொண்டது. தாராவிப் பையன்கள் அந்தப் படத்துக்கு முன்பே உழைத்துக்கொண்டிருந்தவர்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. தாராவியின் டோப்படெலிக்ஸ் குழு 2018-லேயே ‘காலா’ படத்தில் தமிழில் ராப் பண்ணிவிட்டது. ஆனால் அவர்கள் தங்கள் தெருவைப் பாடினார்கள் என்பதற்காக நீங்கள் தெருவைத் தேடிப் போக வேண்டியதில்லை. இந்தக் கலை பிறந்த நாள் என்று 1973 ஆகஸ்ட் 11-ஐச் சொல்வார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்பின் பொது அறையில் நடந்த விருந்து அது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஏற்பாடு பண்ணினார், பாட்டுப் போட்டது அவருடைய அண்ணன் டிஜே கூல் ஹெர்க். தொடக்கமே ஒரு பெண்ணின் துணிச் செலவுக் கணக்குதான்.

ராப்பர் ஹனுமன்கைண்ட் பெங்களூரில் கார்ப்பரேட் வேலையில் இருந்தவர், அவருடைய பெயர் உலகத்துக்கே தெரிந்தது 2024 ஜூலையில், அப்போது அவருக்கு வயது 31. சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் விளம்பர நிறுவனத்தில் எழுத்து வேலை பார்த்தவர், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி 2015-ல் அவர் ராப் பண்ணினார். அங்கே வேலை பார்த்தவர்கள் பல வருடமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பாட்டு அவர்கள் பக்கம் நாடு முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது, அடுத்த வருடம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தெர்மாமீட்டரை உதறி உதறிப் பார்த்த கை உங்களுடையது, இந்தக் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வயது, பின்னணி பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

கார்ட்டர் ரோட்டுக்கு மறுபடியும் போங்கள். அந்தப் பையன்கள் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. ரூம் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள், முதல் நாள் நின்று கேட்டுவிட்டு மட்டும் வாருங்கள். இரண்டாம் நாள் எட்டு வரி. யாரும் யூனிஃபார்ம் கேட்க மாட்டார்கள்.

அந்தத் தாளுக்கு வருகிறேன், ஏனென்றால் அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று வரியும் மெட்டும், அது எழுதினவருக்கும் இசை போட்டவருக்கும் உரியது. இன்னொன்று பதிவு, அதாவது ரெக்கார்டிங். எங்கள் தொழிலில் வழக்கம் என்னவென்றால், பதிவுக்கு யார் பணம் போட்டு முன்நின்று செய்கிறாரோ அவருக்குத்தான் பதிவு சொந்தம். ஒரு கம்பெனி தன் காசைப் போட்டு உங்கள் பாட்டை எடுத்து, பதிவு எங்களுடையது என்று சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே 75,000 ரூபாய் நீங்கள் கொடுக்கிறீர்கள், பதிவு அவருக்கு, வரியும் அவருக்கு, அதுவும் ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் நீங்கள் வைத்துக்கொள்ளப் போகும் மேடைப் பெயரும் அவருக்குச் சொந்தம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே மூன்று வருடத்துக்கு நீங்கள் மேடையேறிச் சம்பாதிப்பதில் நூற்றுக்கு நாற்பது அவருக்கு. நீங்கள் காசு கொடுத்து, உங்கள் பெயரையும் எழுத்தையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். இதில் அவர் போடும் முதல் என்ன என்று மூன்று பக்கத்திலும் தேடினேன், எங்கேயும் எழுதவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தை, அதாவது காப்பிரைட் சட்டத்தைத் திருத்தியபோது, வரி எழுதினவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது என்று வைத்துவிட்டார்கள். உரிமையை மாற்றிக் கொடுத்தாலும், அந்தப் பாட்டு பயன்படும்போது வருகிற ராயல்டியில் வாங்கினவரும் நீங்களும் சமமாகப் பங்கு போட வேண்டும், வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. உரிமை மாற்றும் தாளில் எத்தனை வருடம் என்று போடாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாடு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தத் தாள் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று கவனமாகப் போட்டிருக்கிறது, எழுதினவருக்கு விஷயம் தெரியும். ஆனால் சட்டம் இருக்கிறது என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பன்னிரண்டு மணிநேர டியூட்டிக்கு நடுவே கோர்ட்டுக்கு அலைய முடியாது. நான் வக்கீல் இல்லை. எதிர்காலத்தில் நல்ல தாளே வந்தாலும் காப்பிரைட் பார்க்கிற வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், அந்த ஃபீஸ் வீண் செலவு இல்லை.

2009-ல் நான் ஒரு கம்பெனிக்கு, பெயர் வேண்டாம், இருபது வினாடி மெட்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். எட்டாயிரம் ரூபாய், அன்றைக்கு வாடகைக்கு வேண்டியிருந்தது, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நாலு வருடம் ரேடியோவில் ஓடியது. ஆட்டோவில் போகும்போதெல்லாம் கேட்கும், பக்கத்தில் இருப்பவரிடம் இது என்னுடையது என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாது. அந்த வலி உங்களுக்கு வேண்டாம். பெரியவர்களுக்கே இது நடக்கிறது. 2021-ல் உலகம் முழுக்க ஓடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’யால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார்.

பாட்டை நீங்களே வெளியிடலாம். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள், ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் எல்லாவற்றிலும் ஏற்றித் தருவார்கள், பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கும். யூடியூபில் ‘டைப் பீட்’ என்று தேடி எடுக்கும் ரெடிமேட் பீட்டுகளில் கவனம். இலவசம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் காசு சம்பாதிக்காத பயன்பாட்டுக்கு மட்டும், லீஸ் எடுத்தால் இத்தனை தடவைதான் ஓடலாம் என்று வரம்பு இருக்கும், அதே பீட்டை நூறு பேர் எடுத்திருப்பார்கள். ஒரு பீட் போடுகிற பையனோ பெண்ணோ கூட உட்கார்ந்து செய்தால் அதே நாள் ஒரு வெள்ளைத் தாளில் வரி யார், இசை யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது. பாட்டு வெளியான பிறகு ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினர் ஆகுங்கள், பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காக 1969-லிருந்து இருக்கிற அமைப்பு, தலைமை அலுவலகம் மும்பையிலேயே இருக்கிறது.

வேலையை விடாதீர்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒரு தடவை கேட்டால் வருவது பைசாக் கணக்கு, அதை நம்பி சயானில் ரூம் வாடகை கொடுக்க முடியாது. கடன் வேறு இருக்கிறது. இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிற காரணம் வேறு. வாடகைக்குப் பணம் இல்லாதவர்தான் மோசமான தாளில் கையெழுத்துப் போடுவார், மாதச் சம்பளம் வருகிறவருக்கு ‘முடியாது’ என்று சொல்லத் தெம்பு இருக்கும். ஒன்று மட்டும் பாருங்கள், உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் வெளி வேலை, வெளி வருமானம் பற்றி ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று. இருந்தால் எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி. இதைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசலாம்.

தமிழில் எழுதுங்கள். கேட்க ஆள் இருக்கிறதா என்று பயப்படாதீர்கள். தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், நான் வளர்ந்த அன்டாப் ஹில், எல்லா இடத்திலும் தமிழ் பேசத் தெரிந்த, படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை இருக்கிறது, அவர்களுக்குத் தமிழ் என்றால் காதில் விழுவதுதான். 1994-ல் ‘பேட்டை ராப்’ வந்தபோது எங்கள் காலனியில் ஹிந்தி பேசுகிற பையன்கள்கூட அர்த்தம் தெரியாமல் முழுதாக ஒப்பிப்பார்கள். மலேசியாவின் யோகி பி 2006-ல் ‘வல்லவன்’ ஆல்பம் போட்டபோது தமிழிலேயே ஒரு முழு ராப் ஆல்பம் நிற்கும் என்று தெரிந்துவிட்டது. இதே மும்பையில் ஸ்வதேசி குழு மராத்தியிலும் குஜராத்தியிலும் பண்ணியதை எல்லோரும் கேட்டார்கள். ஹிந்தியோ மராத்தியோ உங்கள் வாயில் எங்கே வருகிறதோ அங்கே வரட்டும். வார்டு உதவியாளர்களை மாமா, மௌசி என்று கூப்பிடும்போது, படுக்கையில் இருக்கும் ஆஜியிடம், அதாவது பாட்டியிடம் பேசும்போது நீங்கள் தமிழில் பேச மாட்டீர்கள், அந்த வரி மராத்தியிலேயே இருக்கட்டும். அந்தத் தயாரிப்பாளர் சொன்ன மசாலாக் கணக்கு தலைகீழ்.

எந்தத் தமிழ் என்றால், உங்கள் மூன்றாவது ஆடியோவின் தமிழ். முதல் இரண்டிலும் நீங்கள் சென்னைப் பையன் மாதிரி பேசுகிறீர்கள், ‘மச்சி’, ‘கெத்து’ என்று வருகிறது, அது உங்கள் வாய் இல்லை, கேட்டாலே தெரிகிறது. மூன்றாவதில்,

எனக்க அம்மைக்க கையில ரப்பர் பாலு மணம்
எனக்க கையில ஸ்பிரிட்டு மணம்

என்று ஆரம்பிக்கிறீர்கள். இந்த இரண்டு வரியில் குலசேகரமும் இருக்கிறது, ஐசியூவும் இருக்கிறது. விடியற்காலை தலையில் லைட் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிற அம்மாவும், அதே நேரத்தில் இங்கே நைட் டியூட்டி முடிக்கிற மகளும் ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் எழுந்து நிற்கிறார்கள். ‘எனக்க’, ‘அம்மைக்க’ என்பதை யாராவது ‘என்னோட அம்மாவோட’ என்று மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். அந்த ‘க்க’ இரண்டும் பீட்டில் ஸ்நேர் டிரம் விழுகிற மாதிரி விழுகிறது. தமிழில் இரட்டிக்கும் வல்லினம், க்க, த்த, ட்ட, ப்ப, நமக்குக் கிடைத்த டிரம் செட். ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’யை ஒரு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பக்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, சந்தத்துக்காக. அருணகிரிநாதர் எங்கே மூச்சு விட இடம் வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள்.

இரண்டாவது ஆடியோவில் ஒரு பிழை இருக்கிறது, ராப் பண்ணும் தமிழர்கள் பாதிப் பேர் செய்வது. பாட்டி ‘கைய விடு’ என்று சொல்லும் இடம். பீட்டில் காலி இடம் இருக்கிறது என்று அந்த ‘வி’யை இழுத்துவிட்டீர்கள், ‘கைய வீடு’ என்று கேட்கிறது. ஆங்கிலத்தில் உயிரெழுத்தை இழுத்தாலும் பெரும்பாலும் சொல் அதேதான். நம் மொழியில் குறிலை இழுத்தால் வேறு சொல். கல் கால் ஆகிவிடும், படு பாடு ஆகிவிடும். ஆங்கில ராப்பைக் கேட்டுக் கேட்டு அந்த ஏற்ற இறக்கத்தில் தமிழை உட்கார வைத்தால் இந்த இடத்தில்தான் இடறும். நீளமான இடத்தில் நெடில் இருக்கிற சொல்லைக் கொண்டு வாருங்கள், அல்லது ‘விட்டுடு’ என்று எழுதுங்கள், அந்த இடம் ‘ட்டு’வால் தானாக நிரம்பும்.

இன்னொன்று, வினையில் முடிகிற எதிரொலி. முதல் ஆடியோவில் ‘மானிட்டர் கத்துது, மனசு பத்துது, மருந்து சொட்டுது, கண்ணு கொட்டுது’ என்று போகிறது. தமிழில் வாக்கியம் வினையில் முடிவதால் ‘துது’ என்று யார் வேண்டுமானாலும் நாற்பது வரி எழுதிவிடலாம், கேட்கிறவனுக்கு அடுத்த வரி முன்பே தெரிந்துவிடும். நம்மிடம் எதுகை இருக்கிறதே, வரியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்துவருவது. நீங்களே தெரியாமல் ஒரு இடத்தில் செய்திருக்கிறீர்கள்:

சலைன் சொட்டச் சொட்ட எண்ணுறேன் ராத்திரி
சலங்கை கட்டாத காலு ரெண்டு சாட்சி

முன்னால் சலைன், சலங்கை. கடைசியில் ராத்திரி, சாட்சி, அது முழுதாகப் பொருந்தக்கூட இல்லை, ஆனால் காது குறை சொல்லவில்லை, ஏனென்றால் வேலை முன்னாலேயே முடிந்துவிட்டது. இந்த மாதிரி இன்னும் எழுதுங்கள். ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டதாக ஒரு இடத்தில் பாடுகிறீர்கள். அதில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ‘ஆமா’ போடுவாரே, ராப்பில் ஆட்-லிப் என்று சொல்வது ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது, கதையை நகர்த்தும், பாடுகிறவருக்கு மூச்சும் கொடுக்கும். ரூம் தோழிகள் இரண்டு பேரை வைத்து அதைப் பண்ணிப் பாருங்கள்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 88 அடி வேகத்தில் பதினாறு பார், அதாவது பாருக்கு நாலு அடி என்றால் ஏறக்குறைய 44 வினாடி. அதற்குள் ஒரு விஷயம் முழுதாக வந்தாக வேண்டும். நீங்கள் தினமும் காலையில் ஹேண்டோவர் கொடுக்கிறீர்கள், ஒரு ஆளின் பன்னிரண்டு மணிநேரத்தை இரண்டு நிமிடத்தில், தேவையில்லாத ஒரு சொல் இல்லாமல், எதையும் விட்டுவிடாமல். எழுதும்போது அதே கறார் வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலில் எனக்கு முக்கியம். இரண்டாவது ஆடியோவில் ஒரு நோயாளியின் கடைசி ராத்திரி வருகிறது. படுக்கை எண், நோய், அவருடைய தொழில், கடை இருக்கும் தெரு, எந்தப் பண்டிகைக்கு முந்தின நாள் என்பது வரை. நான் எதையும் இங்கே எழுதவில்லை. உருக்கமான வரிகள், எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் அவருடைய மகளோ மகனோ ஒருநாள் ரிக்‌ஷாவில் போகும்போது இதைக் கேட்டால்? ஐந்து வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் சுயநினைவு இல்லாமல் கிடந்த நேரத்தில் உங்களை நம்பித்தான் அந்தக் குடும்பம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்தச் சாவு அவர்களுடையது. நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் மட்டும்தான் உங்களுடையது, அதைப் பாடுங்கள். படுக்கை எண்ணை எடுங்கள், நோயை எடுங்கள், தொழிலையும் தெருவையும் எடுங்கள். கை குளிர்ந்துகொண்டே வருவதை எழுதியிருக்கிறீர்களே, அது போதும், பாட்டு ஒன்றும் குறைந்துவிடாது. வேலையும் லைசென்ஸும் போகும் என்ற பயமும் நியாயமானதுதான், ஆனால் அந்தப் பயமே இல்லாவிட்டாலும் இதை நான் சொல்லியிருப்பேன்.

யூனிஃபார்ம் போட்டு வீடியோ வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்ததே. அந்த உடையைப் பார்த்தால் நோயாளிக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. அதை ஒருவர் வைரல் கணக்குக்குக் கேட்கிறார், கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குள் போனில்கூட எதையும் படம் எடுக்க வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மூன்றாவது பாட்டை முதலில் கேட்க வேண்டியவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே விடுவதற்கு முன்னால், போனில் அனுப்பாமல், ஊருக்கு லீவில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். மாப்பிள்ளைப் பேச்சு வந்தால், பார்க்க வருகிறவரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒரே ஒரு பாட்டு. மைக் வாங்க ஓடாதீர்கள். பிறகு வாங்கினால் ஸ்டூடியோ கண்டென்சர் மைக் வேண்டாம், சயானில் ரயிலும் ஹாரனும் எல்லாம் அதில் ஏறும், ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் போதும், 1966-லிருந்து மேடையில் அடிவாங்கிக்கொண்டு நிற்கிற மைக் அது. பதிவுக்கு பேண்ட்லேப் இலவசம். முழுப் பதிவுக்கு நேரம் வரும்போது, மணிக்கு 800, 1,000 ரூபாய்க்கு நல்ல சின்ன ஸ்டூடியோக்கள் அந்தேரியிலேயே இருக்கின்றன, மூன்று மணிநேரம் போதும். அந்த 75,000-ஐக் கடனில் கட்டுங்கள்.

நைட் டியூட்டி முடித்த கையோடு பதிவு பண்ணாதீர்கள், பன்னிரண்டு மணிநேரம் மாஸ்க்குக்குள் பேசிய தொண்டை அது. ஆஃப் நாளில், தூங்கி எழுந்து, தண்ணீர் குடித்து, அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு முன்னால் நின்று, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பேசுங்கள். எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று வரிக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பீட் வேண்டாம், காதில் 88 கிளிக் மட்டும், கடைசி நாலு வரி வரைக்கும் அதே 88. ஃபேனை மறக்காமல் அணைத்துவிட்டு எடுங்கள், போன தடவை அது உங்கள் அம்மாவின் வரிகள் மேல் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்ததும் இதே முகவரிக்கு அனுப்புங்கள், நான் கேட்கிறேன்.